வாடகைக்கு விட வீடு வாங்கினால் மாத முடிவில் கையில் என்ன மிஞ்சும்?



கடந்த சில மாதங்களாக எம்மவர் கூடும் இடங்களில் எல்லாம் ஒரே கதைதான். பிறந்தநாள் கொண்டாட்டம், அந்தியேட்டி, தமிழ்ப் பாடசாலை வாசல், எங்கே போனாலும் "ஒரு வொணுங் வாங்கி வாடகைக்கு விடப் போகிறோம்" என்று யாராவது சொல்கின்றார்கள். இதைப் பற்றி எழுதும்படி மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு சகோதரியின் கடிதம் என்னை யோசிக்க வைத்தது. கணவர் அடுத்த மாதம் நோட்டாரிடம் கையெழுத்து வைக்க இருக்கிறாராம். வீடு டார்ம்ஸ்டாட்டில் இல்லை, தூரத்தில் உள்ள ஒரு ஊரில். இருவரும் இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. விற்றுக் கொடுப்பவர் எமது ஆள். "அக்கா, வாடகையே கடனைக் கட்டும், உங்கட கையால ஒரு சதம் போகாது" என்று சொல்லியிருக்கிறாராம். இது உண்மையா என்று கேட்கிறார்.

உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் சாதாரண தரத்தோடு படிப்பு நின்று, இங்கே வந்து மெஷினுக்கு முன்னால் நிற்பவன். ஆனால் இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், வீதம் தெரிந்தால் போதும்.

ஊரில் எங்கள் பெரியவர்கள் இந்தக் கணக்கை மனக்கணக்காகவே போட்டார்கள். ஒற்றி என்ற சொல் இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. காசு கொடுத்தவர் காணியை எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை அனுபவிப்பார். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் இசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையிலும் இது உண்டு. ஒற்றிக்குக் காணி எடுப்பவர் முதலில் கேட்பது, "இந்தக் காணி வருடம் என்ன தரும்? வெளியில் கொடுத்தால் இந்தக் காசுக்கு என்ன வட்டி வரும்?" என்பதுதான். தோட்டம் அழகாக இருக்கிறது, ரோட்டுக்கரை, நாளைக்கு விலை ஏறும் என்ற கதையெல்லாம் அதற்குப் பிறகு. ஜேர்மனியில் வாடகை வீடு வாங்குபவரும் இதே வரிசையில்தான் கேட்க வேண்டும். எம்மவர் பலர் இங்கே தலைகீழாகக் கேட்கின்றார்கள்.

இனி ஒரு எடுத்துக்காட்டு. எண்கள் விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் வீட்டின் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக் கொள்ளுங்கள்.

இரண்டு அறை வொணுங், விலை 180,000 யூரோ. கால்ட்மீற்ற, அதாவது வெப்பமும் மற்றச் செலவுகளும் சேராத வெறும் வாடகை, மாதம் 620. வருடத்துக்கு 7,440. விலை, வருட வாடகையின் 24 மடங்கு. இந்த "எத்தனை மடங்கு" என்பதை மறக்காதீர்கள், பிறகு வருகிறது.

விலையோடு முடிவதில்லை. ஹெஸன் மாநிலத்தில் வீடு வாங்கும் வரி 2014 ஓகஸ்ட் முதல் 6 வீதம். அது 10,800. நோட்டாரும் குறுண்ட்பூக் பதிவும் ஏறக்குறைய 2 வீதம், 3,600. மாக்லர் இருந்தால், 2020 டிசம்பர் இறுதியில் வந்த சட்டத்தின்படி, விற்பவர் அமர்த்திய மாக்லரின் கூலியில் பாதிக்கு மேல் வாங்குபவர் தலையில் போட முடியாது. வாங்குபவர் பங்கு 3 வீதத்தை ஒட்டி வரும் என்று வைத்தால் ஏறக்குறைய 5,400. ஆக 19,800 யூரோ வீட்டின் ஒரு செங்கல்லும் ஆகாமல் போகிறது. வங்கி பெரும்பாலும் இதற்குக் கடன் தராது, கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னொரு 20,000 சொந்தக் காசு போட்டு, 160,000 கடன் எடுப்பதாக வைப்போம்.

வட்டி 3.8 வீதம், முதல் கழிப்பதற்கு, தில்குங் என்பார்கள், 2 வீதம். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 9,280. மாதம் 773 யூரோ.

அடுத்தது ஹவுஸ்கெல்ட். எம்மவர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கினால் மாதாமாதம் நிர்வாகத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அது 260 என்று வைப்போம். "அதையெல்லாம் வாடகைக்காரர்தான் கட்டுவார்" என்று சொல்வார்கள். முழுவதும் அல்ல. தண்ணீர், குப்பை, மாடிப்படி துப்புரவு, லிப்ற், காணி வரி போன்றவற்றை வாடகைக்காரரிடம் வாங்கலாம். நிர்வாகியின் கூலி, திருத்த வேலைக்கான சேமிப்பு, திருத்த வேலைச் செலவு ஆகியவற்றை வாங்க முடியாது. 260இல் 90 யூரோ இப்படி உங்கள் தலையில் நிற்கும் என்று வைப்போம். வீட்டுக்குள் கெடும் குழாய், கதவு, சுடுநீர் இயந்திரம் ஆகியவற்றுக்கு மாதம் ஒரு 30 யூரோ ஒதுக்குவோம். இது குறைந்த கணக்கு.

620இல் 90 போனால் 530. அதில் 30 போனால் 500. வங்கிக்குக் கட்டுவது 773. மாதம் 273 யூரோ துண்டு விழுகிறது. வருடத்துக்கு 3,276. "ஒரு சதம் போகாது" என்ற வீட்டுக்கு, இராவேலைக் காசு முழுவதும் போகிறது.

"வரி திரும்பி வரும் அண்ணை" என்பது அடுத்த பதில். வரும், எவ்வளவு என்று பார்ப்போம். வட்டியைக் கழிக்கலாம். தில்குங்கைக் கழிக்க முடியாது. 1925க்கும் 2022க்கும் இடையில் கட்டிய கட்டடம் என்றால் அதன் பெறுமதியில் வருடம் 2 வீதம் தேய்மானமாகக் கழிக்கலாம். ஆனால் நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. டார்ம்ஸ்டாட் போன்ற ஊரில் நிலம் விலை கூடியது, ஆகவே கழிக்கக் கூடிய பங்கு குறையும். திருத்த வேலைக்கான சேமிப்பைக் கட்டிய உடனே கழிக்க முடியாது, அந்தக் காசு உண்மையில் திருத்த வேலைக்குச் செலவான பிறகுதான் முடியும். எங்கள் எடுத்துக்காட்டில் கட்டடத்தின் பங்கு 70 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,800 யூரோ நட்டம் காட்டலாம். அதில் 30 வீதம் திரும்பினால் 540. மாதம் 45 யூரோ. 273 துண்டு 228 ஆகிறது, அவ்வளவுதான். வேறொரு விடயம்: நட்டப்பட்டால்தான் வரி திரும்பும். வரியை மிச்சம் பிடிப்பதற்காக நட்டத்தை வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, இந்த வீட்டில் துண்டு விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? மிஞ்சும் 500 யூரோவால் வருடம் 6,000 கட்டலாம். 5.8 வீதக் கணக்கில் அது ஏறக்குறைய 103,000 யூரோக் கடனைத்தான் தாங்கும். அது வருட வாடகையின் 14 மடங்கு. அதற்கு மேல் உள்ள விலை முழுவதும் உங்கள் சொந்தக் காசாக இருக்க வேண்டும். 180,000 வீட்டுக்குச் செலவுகளோடு ஏறக்குறைய 97,000 யூரோ. சீட்டு எடுத்தாலும், நகையை அடகு வைத்தாலும் எங்கள் குடும்பங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்?

"2021இல் வாங்கியவர்கள் மிச்சம் பிடிக்கிறார்களே" என்பார்கள். உண்மை. அப்போது வட்டி ஒரு வீதத்தை ஒட்டி இருந்தது. அதே 160,000க்கு 1.2 வீத வட்டியும் 2 வீத தில்குங்கும் என்றால் மாதம் 427தான். 500இல் 427 போக 73 யூரோ கையில் மிஞ்சும். வீடும் ஒன்று, வாடகையும் ஒன்று, வட்டி மட்டுமே வேறு. 2022 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது, அந்த வருட முடிவுக்குள் வீட்டுக் கடன் வட்டி 4 வீதத்தை ஒட்டிப் போய்விட்டது. 2021இல் 10 வருடத்துக்கு வட்டியைக் கட்டி வைத்தவருக்கு 2031இல் ஏறக்குறைய 126,000 கடன் மிச்சம் இருக்கும். அப்போதும் 3.8 வீதம் என்றால், 2 வீத தில்குங்கோடு, அவரது 427 யூரோ 610 ஆகும். ஆகவே இன்று மிச்சம் பிடிப்பவரும் அந்த 73 யூரோவைச் செலவழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

இந்த இடத்தில் கனடா உறவினர்களையும் சொல்ல வேண்டும். அவர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுத்தான் இங்கே பலருக்கு ஆசை வருகிறது. கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். வட்டி மாறும் கடன் எடுத்து வாடகைக்கு வீடு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றரை வருடத்துக்குள் கணக்கு தலைகீழானது. லண்டனில் 2017 முதல் 2020 வரை படிப்படியாக, வாடகை வருமானத்தில் கடன் வட்டியைக் கழிக்கும் சலுகையைக் குறைத்து, 20 வீத வரித் தள்ளுபடியாக மாற்றினார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேறு. அங்கே சரிவந்தது இங்கே சரிவரும் என்று இல்லை. வட்டியைப் 10, 15 வருடங்களுக்குக் கட்டி வைக்க முடிவது ஜேர்மனியில் எமக்கு உள்ள ஒரு நன்மை. 10 வருடத்துக்கு மேல் கட்டி வைத்தாலும், கடன் முழுவதும் கைக்கு வந்து 10 வருடம் ஆன பின் ஆறு மாத அறிவித்தலோடு நீங்கள் கடனை முடிக்கலாம், தண்டம் இல்லை. வங்கிக்கு அந்த உரிமை இல்லை.

டார்ம்ஸ்டாட்டில் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: மேர்க் கொம்பனி இங்கே, 1668இல் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கியது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கே, ஐரோப்பிய விண்வெளிக் கட்டுப்பாட்டு நிலையம் 1967 முதல் இங்கே. பிராங்பேர்ட்டுக்கு ரயிலில் அரை மணித்தியாலத்துக்குள் போகலாம். வாடகைக்கு ஆள் இல்லை என்ற பயம் இல்லை. அதனால்தான் 24 மடங்கு, அதற்கு மேலும் கேட்கிறார்கள். வாடகையை அதற்கேற்பக் கூட்டலாம் என்று நினைத்தால் சட்டம் விடாது. புதிதாக வாடகைக்கு விடும்போது மீற்ஸ்பீகல் சொல்லும் ஊர் வாடகையை விடப் 10 வீதத்துக்கு மேல் பொதுவாகக் கேட்க முடியாது. 2014 ஒக்டோபர் முதலாம் திகதிக்குப் பிறகு முதல் தடவை குடியேறிய புதுக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. இருக்கும் வாடகைக்காரருக்கு இந்நகரில் மூன்று வருடத்தில் 15 வீதத்துக்கு மேல் கூட்டவும் முடியாது. நாமும் வாடகைக்காரர்தானே, இந்தச் சட்டம் எம்மையும் காப்பாற்றுகிறது. வீட்டுக்காரர் ஆகும்போது மட்டும் அது கூடாது என்று சொல்லலாமா?

புதிதாக வந்த எங்கள் பெடியளுக்கு அறைக்கு மூன்று மெத்தை போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் கணக்கு சரிவரும் என்று ஒருவர் எனக்கே சொன்னார். பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று தொலைபேசியை வைக்கும் ஊரில், வேறு போக்கிடம் இல்லாதவனிடம் வாங்கும் காசு அது. வீட்டுத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி ஊர் வாடகையை விட 20 வீதத்துக்கு மேல் வாங்கினால் தண்டம் கட்ட நேரிடலாம், இன்னும் மேலே போனால் குற்றவியல் வழக்கும் வரலாம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதை எழுதியிருப்பேன்.

மலிவான இடங்களுக்கு வருவோம். ஓடன்வால்ட் பக்கம், கிழக்கு ஜேர்மனியின் சிறு நகரங்கள் போன்ற இடங்களில் 12, 13 மடங்குக்கு வீடு வரும். 60,000 யூரோ விலை, 400 யூரோ வாடகை என்றால் கடதாசியில் மாதாமாதம் மிச்சம் வரும். ஆனால் மூன்று மாதம் ஆள் இல்லாவிட்டால் 1,200 யூரோ போச்சு. ஹவுஸ்கெல்ட் முழுவதும் உங்கள் தலையில். பத்து வீட்டுக் கட்டடத்துக்குக் கூரை மாற்ற 100,000 என்று கூட்டத்தில் தீர்மானித்து, சேமிப்பில் காசு இல்லாவிட்டால், உங்கள் பங்கு பத்தில் ஒன்று என்றால் 10,000. ஐந்து வருட மிச்சம் ஒரு கடிதத்தில் போய்விடும். மலிவான வீட்டில் மடங்கை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த ஊரில் வேலை கொடுக்கும் தொழிற்சாலை எது, இளம் ஆட்கள் இருக்கிறார்களா போகிறார்களா, அதே கட்டடத்தில் எத்தனை யன்னல் இருட்டாகக் கிடக்கிறது என்பதை இரவில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

இது ஜேர்மனியர் பட்டுக் கண்ட பாடம். நாடு இணைந்த பிறகு 1990களில், கிழக்கில் வீடு வாங்குபவர்களுக்கு அரசு பெரிய வரிச் சலுகை கொடுத்தது, செலவில் 50 வீதம் வரை உடனே கழிக்கலாம் என்று. வரிக்காக வாங்கினார்கள், வாடகைக்கு யார் வருவார்கள் என்று பார்க்கவில்லை. மக்கள் வேலை தேடி மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். 2000 அளவில் கிழக்கில் ஏறக்குறைய பத்து இலட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 2002இல் அரசே காசு கொடுத்து இடிக்கத் தொடங்கியது. மேற்கிலும் அதே காலத்தில், சேமிப்பு இல்லாத தொழிலாளரைத் தேடிப் போய், "சொந்தக் காசு தேவையில்லை, வாடகையும் வரியும் கட்டும்" என்று சொல்லிப் பெறுமதிக்கு மேல் விலைக்கு விற்றார்கள். இவற்றுக்கு ஷிறொட் இம்மொபீலியன், பழைய இரும்பு வீடு, என்று பெயரே வந்தது. கார்ல்ஸ்ரூவேயில் உள்ள உச்ச நீதிமன்றம் 2006 மே 16இல், பாடேனியா என்ற கட்டடச் சேமிப்பு வங்கி தொடர்பான வழக்கில், விற்பவரும் வங்கியும் சேர்ந்து இயங்கிய இடங்களில் ஏமாற்றப்பட்டவர் அதை நிரூபிப்பதை ஓரளவு இலகுவாக்கியது. அதற்குள் பலருக்கு வருடங்கள் போய்விட்டன. சகோதரி எழுதிய "ஒரு சதம் போகாது" என்ற வசனம் அந்தக் காலத்து வசனம்தான், இப்போது தமிழில் வருகிறது.

பேர்லினில் வார இறுதியிலும் இரவிலும் ஆட்களை நேராக நோட்டாரிடம் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அப்படிப்பட்டவர்களை நள்ளிரவு நோட்டார் என்றே அழைத்தார்கள். 2011 டிசம்பரில் அங்கே நீதி அமைச்சராக வந்த மிக்காயெல் பிறௌன், முன்பு நோட்டாராக இருந்தபோது இத்தகைய வீட்டு விற்பனைகளை உறுதிப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டால், இரண்டு கிழமை முடியுமுன்பே பதவியை விட்டார். அதன் பிறகு 2013இல் சட்டத்தை இறுக்கினார்கள். வியாபாரியிடம் வீடு வாங்கும் சாதாரண ஆளுக்கு, ஒப்பந்தத்தின் வரைவை நோட்டாரே பொதுவாக இரண்டு கிழமைக்கு முன்பு அனுப்ப வேண்டும். "நாளைக்கே கையெழுத்து, இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். டொச் போதிய அளவு விளங்காவிட்டால் அதையும் நோட்டாரிடம் சொல்லுங்கள். உங்கள் மொழியில் சொல்லித்தராமல் அவர் கையெழுத்து எடுக்க முடியாது. மொழிபெயர்க்க விற்பவரின் ஆளைக் கொண்டு போகாதீர்கள். நோட்டார் விலை சரியா என்று பார்ப்பவர் அல்ல என்பதையும் தெரிந்து வையுங்கள். எம்மவர் பலர் "நோட்டாரே பார்த்துவிட்டார்" என்று திருப்திப்படுகிறார்கள்.

சீட்டுக் காசு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஏப்ரல் முதல் ஜேர்மனியில் வீடு, காணி ஆகியவற்றைக் கைக்காசாகக் கொடுத்து வாங்க முடியாது. விலை வங்கி வழியாகத்தான் போக வேண்டும், நோட்டாருக்கு அதன் ஆதாரம் வேண்டும். "பாதியைக் கையில் தாருங்கள், விலையைக் குறைத்து எழுதுவோம்" என்ற கதைக்குக் காது கொடுக்காதீர்கள். பிரச்சினை வந்தால் அந்தப் பாதிக்குச் சாட்சி இல்லை.

அகதியாக வந்தவர் வாங்கலாமா என்பதும் கடிதத்தில் இருந்தது. வெளிநாட்டவர் வீடு வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லை. கடன்தான் பிரச்சினை. நிரந்தர வதிவிட உரிமை அல்லது ஜேர்மன் கடவுச்சீட்டு, நிரந்தர வேலை ஒப்பந்தம் இரண்டையும் வங்கிகள் பொதுவாகப் பார்க்கும்.

கையெழுத்துக்கு முன்பு என்ன கேட்பது? கடைசி மூன்று வருட வீட்டுச் சொந்தக்காரர் கூட்ட புறோட்டோகோல். இதைத்தான் முதலில் கேளுங்கள். கிரானிக்ஸ்டைன், எபர்ஸ்டாட் தெற்கு போன்ற இடங்களின் மாடிக் கட்டடங்களை வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லிப்ற் எப்போது மாற்ற வேண்டும், முகப்புக்கு எவ்வளவு மதிப்பிட்டார்கள், யார் ஹவுஸ்கெல்ட் கட்டாமல் இருக்கிறார்கள் என்பது புறோட்டோகோலில் இருக்கும். பிறகு சேமிப்பில் எவ்வளவு காசு இருக்கிறது, வாடகை ஒப்பந்தம், எரிசக்திச் சான்றிதழ். 2023 முதல் எரிபொருளுக்கான கரியமில வரியை வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் பங்கிட வேண்டும். மிக மோசமான கட்டடத்தில் 95 வீதம் வீட்டுக்காரர் தலையில். உள்ளே வாடகைக்காரர் இருந்தால் அவருடைய ஒப்பந்தம் அப்படியே உங்களுக்கு வரும், அவரது பழைய குறைந்த வாடகையோடு. சொந்தத் தேவைக்கு எழுப்புவதானாலும், அவர் இருந்த காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஒன்பது மாத அறிவித்தல் வேண்டும்.

மடங்கு குறைந்த வீடு நகரத்துக்குக் கிட்டவே கிடைக்க ஒரு வழி, அம்ற்ஸ்கெறிக்றில் நடக்கும் ஏலம். மாக்லர் இல்லை, விலை உறுதிக்கு நோட்டார் இல்லை, வரி உண்டு. மதிப்பீட்டு அறிக்கையை முன்பே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்க்கப் பெரும்பாலும் முடியாது. மதிப்பின் 10 வீதம் ஈடு வைக்க வேண்டும், காசாக ஏற்க மாட்டார்கள். ஏலத்தில் இறங்க முன்பு இரண்டு மூன்று தடவை சும்மா போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

சகோதரிக்கு: உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய் வாருங்கள். புறோட்டோகோலைத் தராமல் அந்தத் தம்பி சாக்குச் சொன்னால், நோட்டார் திகதியைத் தள்ளி வையுங்கள். வரைவு கைக்கு வந்ததும் ஹெஸன் நுகர்வோர் பாதுகாப்பு நிலையமான வெர்பிறாஹர்சென்றாலவில் கேட்கலாம். கட்டணம் எடுப்பார்கள், வீட்டு விலையோடு பார்த்தால் அது பெரிய காசு இல்லை. ஹவுஸ்கெல்ட் கணக்கு ஒன்றை எப்படி வாசிப்பது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். உங்களிடம் பழைய கணக்குகள் இருந்தால், பெயர் விலாசத்தை மறைத்துப் பிரதி எடுத்து அனுப்புங்கள்.